படம் எடுத்தால் குற்றமாம்! எந்தச் சட்டத்தில்?

(மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு நடைபெற இருக்கும் காத்திருப்புப் போராட்டத்தை விளக்கி, கிராமக் கூட்டங்களில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாத உழவர்களும் படித்தறிய வேண்டி அச்சிடப்படுகிறது. படித்த பின் மூலையில் போடாமல் பக்கத்துத் தோட்டத்தாருக்குக் கொடுங்கள்.)

   

பால் கறக்கிற நேரத்துக்குள்ள வீடு திரும்பணும்னு அவசரத்தோட வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறோம்.

சென்ற மாதம் நம் ஊர்க் காட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உயர்மின் கோபுரத்துக்கு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். பாதுகாப்புக்கு இரண்டு வேன் நிறையப் போலீஸ். நிலத்துக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "உத்தரவு நகல் இருந்தா காட்டுங்க, படிச்சுப் பார்த்துட்டு வழி விடறோம்." பதில் வரவில்லை. தென்னம்பிள்ளை நட்டிருந்த குழிமேல் கம்பியை ஊன்றினார்கள். வாய் வார்த்தை முற்றியது. நம் கல்லூரித் தம்பி ஒருவர் தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓர் அதிகாரி நேரே போய், "யாரைக் கேட்டுடா போலீசைப் படம் எடுக்கறே? உள்ள தூக்கி வெச்சுடுவேன்" என்று போனைப் பிடுங்கினார். எடுத்த படத்தை அந்த இடத்திலேயே அழித்தார். போனையும் கொண்டு போய்விட்டார். ரசீது கிடையாது.

சாயங்காலம் வழக்கு வந்தது. நிலத்துக்காரரும் அவருடைய தம்பியும் பணியில் இருந்த அதிகாரியைத் தள்ளிவிட்டுத் தாக்க வந்தார்களாம். பாரதிய நியாய சன்ஹிதா 132ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை. காவல் நிலையத்தில் ஜாமீன் கிடையாது. பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். இப்போது தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டார் போட வேண்டிய ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வெங்காயக் காடு காய்கிறது.

தள்ளவில்லை என்று நமக்குத் தெரியும், நாம் பார்த்தோம். ஆனால் அதைக் காட்டியிருக்கக் கூடிய ஒரே படம் அழிந்துபோனது.

இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தக் காட்டில் நாம் நாற்பது பேர் இருந்தோம். நாற்பது சட்டைப்பையிலும் போன் இருந்தது. எடுத்தது ஒன்றுதான். மற்ற முப்பத்தொன்பதும் ஏன் பையைவிட்டு வெளியே வரவில்லை? "போலீசைப் படம் எடுக்கறது குற்றம்" என்று அவர் சொன்னதை நாமும் நம்பினோம். அந்தத் தம்பியைத் தனியே விட்டுவிட்டோம். அதிகாரி செய்தது தப்பு. நாம் சும்மா நின்றதும் தப்புதான். அந்த பயத்தைக் களையெடுக்கவே இந்தக் கூட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். பொது இடத்தில், சீருடையில், அரசுப் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை. அரசியல் சட்டத்தின் 19ஆவது கூறு நமக்குப் பேச்சுரிமையும் கருத்துரிமையும் கொடுத்திருக்கிறது. தெரிந்துகொள்ளும் உரிமையும் அதில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம். ஆனால் சட்டம் இயற்றித்தான் போட முடியும். லத்தியை நீட்டிப் போட முடியாது.

சில இடங்களில் "அரசு ரகசியச் சட்டம் பாயும்" என்று மிரட்டுவார்கள். அது 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். உளவு பார்ப்பதைத் தடுக்க வந்தது. எவையெல்லாம் தடை செய்யப்பட்ட இடங்கள் என்று அந்தச் சட்டமே விளக்கம் சொல்கிறது. மகாராஷ்டிராவில் வார்தா என்ற ஊரில் காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தார் என்று ஒருவர் மீது இதே சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் அந்த வழக்கை ரத்து செய்தது. தடை செய்யப்பட்ட இடங்கள் பற்றிய விளக்கத்தில் காவல் நிலையம் வரவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஸ்டேஷனுக்குள்ளேயே அந்தச் சட்டம் பொருந்தாது என்றால், நம்ம காட்டுக்கும் தார் ரோட்டுக்கும் எப்படிங்க பொருந்தும்? பம்பாய்த் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் நம் வக்கீல் எடுத்துக் காட்டலாம்.

வாளையாறு தாண்டினால் கேரளா. அங்கே 2011-ல் கொண்டுவந்த காவல் சட்டத்தின் 33ஆம் பிரிவில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். போலீஸ் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்வதை எந்தக் காவலரும் தடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் எழுத்தில் இருக்கிற உரிமை இந்தப் பக்கம் வாய்தாவுக்கு அலைந்து நிரூபிக்க வேண்டியதாக இருக்கிறது. இந்த வேறுபாடு நமக்கு வேண்டாம். நம் கோரிக்கைகளில் இது முக்கியமானது.

இன்னொன்று. நாம் ஆர்ப்பாட்டம் நடத்தும் இடத்திலெல்லாம் மஃப்டியில் ஒருவர் கேமராவோடு நிற்கிறார். பேசுகிறவர், கைதட்டுகிறவர், கொடி பிடித்த பாட்டி என்று ஒருவர் விடாமல் படம் பிடிக்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவோ, போலீஸ் நடத்தும் சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. செல்போனில் எடுத்தாலும் போதும் என்று அதிலேயே இருக்கிறது. பதிவு இருப்பதுதான் நியாயம் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, நம்ம முகம் அவங்க கேமராவில் இருக்கலாம், அவங்க முகம் நம்ம கேமராவில் இருக்கக் கூடாதா?

படம் பேசிய கதைகள்

1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய நம் விவசாயிகள் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஜூலை 5-ஐ உழவர் தினமாகக் கடைப்பிடிப்பதும் அப்படிப்பட்ட தியாகங்களை நினைத்துத்தான். அன்று உழவன் கையில் கேமரா கிடையாது. பார்த்தவன் வாய்ச்சொல் ஒன்றே சாட்சி. அரசு எழுதியதே வரலாறு.

2018 மே 22, தூத்துக்குடி. ஆலையை மூடச் சொல்லிப் போன மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மஞ்சள் பனியன் போட்ட ஒரு காவலர் வேன்மீது ஏறிக் குறிபார்த்த காட்சியை உலகமே பார்த்தது. மறுநாளே வதந்தி பரவுகிறது என்று காரணம் காட்டி தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-ல் கொடுத்த அறிக்கை, காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரை செய்தது.

2020 ஜூன், சாத்தான்குளம். கடை வைத்துப் பிழைத்த தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஸ்டேஷன் கேமராவைப் பார்த்தார். சேமிக்க இடம் இருந்தும், அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அவர்கள் கையில் இருக்கிற கேமராவை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2021 ஆகஸ்ட் 28, ஹரியானாவின் கர்னால். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது தடியடி. தடுப்பைத் தாண்டுகிறவன் தலையை உடையுங்கள் என்று பணியில் இருந்த ஓர் அதிகாரி போலீசாருக்குச் சொன்னது வீடியோவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. விவசாயிகள் தலைமைச் செயலகக் கிளை முன் முற்றுகையிட்டு உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 11-ல் அரசு இறங்கி வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி விசாரணை என்றும், அதுவரை அந்த அதிகாரிக்கு விடுப்பு என்றும் ஒப்புக்கொண்டது. வீடியோ இல்லாமல் இருந்திருந்தால் "கூட்டத்தைக் கலைக்கக் குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டது" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

2025 ஜூன், நம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம். நகை காணோம் என்ற புகாரில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படை போலீசார் விசாரணைக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். இளைஞர் இறந்துபோனார். அங்கே வேலை பார்த்த ஒருவர் கழிவறை ஜன்னல் வழியாக ஒளிந்து நின்று சில நொடி படம் எடுத்தார். அந்தப் படம் உயர் நீதிமன்றம் வரை போனது. காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. உயிரைத் திரும்பக் கொண்டுவரப் படத்தால் முடியவில்லை. ஆனால் பொய்யை எழுத விடவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். 2020 மே 25-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். உடல்நலக் கோளாறால் இறந்தார் என்கிற மாதிரிதான் போலீஸ் முதலில் அறிக்கை விட்டது. 17 வயதுப் பெண் பிள்ளை ஒன்று ரோட்டோரம் நின்று எடுத்த செல்போன் படம் அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டது. அந்தப் போலீஸ்காரருக்கு இருபத்திரண்டரை வருடம் சிறை கிடைத்தது.

உரிமைக்கும் வரப்பு உண்டு

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே போனைத் தூக்கிக்கொண்டு போலீஸ் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டாம். நம்ம காட்டுக்கு வரப்பு இருப்பது போல இந்த உரிமைக்கும் வரப்பு இருக்கிறது.

படம் எடுப்பது வேறு. வேலையைத் தடுப்பது வேறு. குறுக்கே நின்றாலோ, கையைப் பிடித்து இழுத்தாலோ 132, 221 என்று பிரிவுகள் தயாராக இருக்கின்றன. நாமே கொண்டுபோய்க் கழுத்தை நீட்டக் கூடாது. ராணுவ இடம், தடை செய்யப்பட்ட பகுதி என்று அறிவித்த இடங்களில் எடுக்கக் கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண், வழக்கில் சிக்கிய குழந்தை இவர்களின் முகம் வெளியே தெரியக் கூடாது. அது தனிக் குற்றம். காவலரின் வீடு, குடும்பம், பிள்ளைகள் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. பணி மட்டும்தான் பொதுச் சொத்து.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறோம். போன வருடம் நம்ம பையன்கள் ஒரு வீடியோவை முன்னும் பின்னும் வெட்டி, சினிமாப் பாட்டுப் போட்டு, வசைச்சொல் எழுதிப் பரப்பினார்கள். முழுசா இருந்திருந்தா அது நமக்குச் சாட்சி. வெட்டினதால அவங்களுக்குச் சாட்சி ஆயிடுச்சு. உண்மை நம் பக்கம் இருக்கும்போது கத்தரிக்கோல் எதற்கு?

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு போராட்டத்துக்கும் ஐந்து பேர் படப் பொறுப்பாளர்கள். அதில் இரண்டு பேராவது பெண்கள். அவர்கள் கோஷம் போட வேண்டாம். வாக்குவாதத்துக்குப் போக வேண்டாம். படம் எடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. ஐவரும் வேறு வேறு பக்கம் நிற்க வேண்டும். ஒரு போனைப் பிடுங்கலாம். ஐந்தையும் பிடுங்க முடியாது.

2. இரண்டு மாட்டுவண்டி நீளத் தூரமாவது தள்ளி நில்லுங்கள். "பின்னால போ" என்றால் நாலடி பின்னால் போய் நின்று எடுங்கள். ஓட வேண்டாம், ஒளியவும் வேண்டாம்.

3. தொடங்கும்போது தேதி, நேரம், ஊர், யாருடைய நிலம் என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள்.

4. பெயர்ப் பட்டையைப் படத்தில் கொண்டுவாருங்கள். கைது செய்யும் காவலர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிய வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை. இன்று 36ஆம் பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டை இல்லாதவரிடம், "ஐயா, உங்க பேர் தெரிஞ்சுக்கலாங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியும் பதிவாகட்டும்.

5. எடுத்ததை வெட்டாமல் அன்றே இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும்; கோப்பாக அனுப்புங்கள். இணையம் நின்றுபோனாலும் கையில் இருக்கும்படி ஒரு பென் டிரைவிலும் ஏற்றுங்கள். மூலப் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி நகலைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். அதற்கு எடுத்தவர் கையெழுத்து தேவை. ஆகவே எடுத்தவர் யார் என்பது சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6. போனைப் பிடுங்கினால் மல்லுக்கட்ட வேண்டாம். அந்தத் தள்ளுமுள்ளுதான் அவர்கள் எதிர்பார்ப்பது. "எந்த வழக்குக்காக எடுக்கறீங்க? ரசீது கொடுங்க" என்று சத்தமாகக் கேளுங்கள். மற்ற நாலு போனும் அதைப் பதிவு செய்யட்டும். குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் 106ஆம் பிரிவில் பொருளைக் கைப்பற்றலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். போனைத் திரும்பக் கேட்டு நாமும் அதே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். படத்தை அழிக்க மட்டும் எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை. சாட்சியமாக வரக்கூடாது என்ற எண்ணத்தோடு மின்னணுப் பதிவை அழிப்பது 241ஆம் பிரிவில் குற்றம். சீருடை போட்டவருக்கும் அது பொருந்தும்.

காவலரும் நம் வீட்டுப் பிள்ளைதான்

ஒரு வார்த்தை, பந்தோபஸ்துக்கு வந்து ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் காவலர் தம்பிகளுக்கும். நீங்களும் எங்கோ ஓர் உழவன் வீட்டுப் பிள்ளைகள்தான். உங்க அப்பாவுக்கும் ரெண்டு ஏக்கர் இருக்கும். வெயிலில் தண்ணீர்கூடக் கிடைக்காமல் நிற்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் கேமரா உங்களுக்கு எதிரி அல்ல. யாராவது கூட்டத்தில் புகுந்து கல்லெறிந்தால், அது நாங்களும் இல்லை, நீங்களும் இல்லை என்று காட்டுவதும் அதே படம்தான். முறையாக வேலை செய்கிறவருக்குப் படம் கேடயம்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: பறித்த செல்போனை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிவை அழித்தது பற்றி விசாரணை வேண்டும். நம் தோழர்கள் இருவர் மீதும் போட்ட பொய் வழக்கை வாபஸ் பெற வேண்டும்.

இரண்டு: அன்றைக்கு அவர்கள் இருவரையும் ஸ்டேஷனில் ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த நேரத்துக் கேமராப் பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "அழிந்துவிட்டது" என்ற பதிலை ஏற்க மாட்டோம்.

மூன்று: விவசாய நிலத்தில் அளவீட்டுக்கு வரும்போது உத்தரவு நகலைக் காட்டிய பிறகே கால் வைக்க வேண்டும். உடன் வரும் காவலர் அனைவரும் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும்.

நான்கு: பொது இடத்தில் போலீஸ் நடவடிக்கையைப் படம் எடுப்பது குற்றமல்ல என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் தமிழில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். கேரளத்தைப் போலத் தமிழகமும் இதைச் சட்டமாக்க வேண்டும்.

இந்த நான்கையும் மனுவாகக் கொடுத்துவிட்டோம். பதில் இல்லை. ஆகவே ஆட்சியர் அலுவலகம் முன்பு காத்திருக்கப் போகிறோம். கட்டுச்சோறு கொண்டுவாருங்கள். ஆடுமாட்டுக்குத் தீவனம் போட ஒருவரை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர் வாருங்கள். போனில் முழுசா சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

அந்தக் கல்லூரித் தம்பி போன் இல்லாமல் நிற்கிறார். வாங்கித் தர அப்பாவிடம் காசு இல்லை. பால் பணத்தில் கொஞ்சம் கொஞ்சம் போட்டு நாமே ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. உண்டியல் இப்போது உங்களிடம் வரும். அடுத்த முறை அந்தப் பிள்ளை போனைத் தூக்கும்போது பக்கத்தில் முப்பத்தொன்பது போனும் உயர வேண்டும். அதுதான் அவருக்கு நாம் பட்ட கடன்.

ஒளிந்து செய்வதற்கு இதில் எதுவும் இல்லை. பகல் வெளிச்சத்தில் நடப்பதைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுப்போம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!
பொய் வழக்கை வாபஸ் வாங்கு!
பறித்த போனைத் திருப்பிக் கொடு!